இன்டீரியர் பட்ஜெட்: மேலிருந்து பிரிப்பதா, கீழிருந்து கூட்டுவதா?

வீட்டு இன்டீரியர் வேலையைத் தொடங்க நினைக்கும் எவரும் முதலில் கேட்பது "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தொகையைக் கண்டுபிடிக்க நான்கு வழிகள் இருக்கின்றன. ஒரே வீட்டுக்கு நான்கும் நான்கு விதமான பதில் தரும். வீட்டின் பரப்பைச் சதுர அடி ரேட்டால் பெருக்குவது ஒன்று. கையில் இருக்கும் பணத்தை உச்சவரம்பாக வைத்து மேலிருந்து பிரித்துக்கொண்டு வருவது இன்னொன்று. ஒவ்வொரு வேலையையும் அளந்து, விலை போட்டு, கீழிருந்து கூட்டுவது மூன்றாவது. இப்போது கொஞ்சம், அடுத்த வருடம் கொஞ்சம் என்று கட்டம் கட்டமாகச் செய்வது நான்காவது.

எது சரி என்பதற்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உச்சவரம்பை மேலிருந்து வையுங்கள், அதைக் கீழிருந்து சோதியுங்கள். அதைவிட முக்கியமானது பணத்தை எதன் அடிப்படையில் பிரிக்கிறோம் என்பது. ஹாலுக்கு இவ்வளவு, படுக்கையறைக்கு இவ்வளவு என்று அறைவாரியாகப் பிரிக்கும் பழக்கம்தான் பெரும்பாலான பட்ஜெட்டுகளைக் கவிழ்க்கிறது. பின்னால் மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதை வைத்துப் பிரித்தால், பணம் குறையும்போது எதை விடுவது என்ற கேள்விக்கு உடனே பதில் கிடைக்கும்.

சதுர அடிக் கணக்கு

எல்லோருக்கும் பிடித்த வழி இது. ஒரு பெருக்கல் போட்டால் விடை வந்துவிடுகிறது. வேலையைத் தொடங்கலாமா, இன்னும் ஒரு வருடம் சேமிக்கலாமா என்று முடிவெடுக்கும் அளவுக்கு இது உதவும். அதற்கு மேல் இதை நம்பக் கூடாது.

காரணம் எளிது. இன்டீரியர் செலவில் பெரும்பகுதி தரையில் விழுவதில்லை. சுவரிலும், அலமாரி முகப்பிலும், தண்ணீர் புழங்கும் இடங்களிலும் விழுகிறது. 10 அடிக்கு 10 அடி அறையும் 5 அடிக்கு 20 அடி அறையும் பரப்பில் ஒன்றுதான், 100 சதுர அடி. ஆனால் முதல் அறையின் சுற்றளவு 40 அடி, இரண்டாவதன் சுற்றளவு 50 அடி. பெயின்ட் அடிக்க வேண்டிய சுவர், ஓட்ட வேண்டிய ஒயர், சுவரடியில் பதிக்க வேண்டிய ஸ்கர்ட்டிங் பட்டை எல்லாமே கால் பங்கு கூடிவிடும். அதேபோல ஒரு குளியலறை உள்ள வீட்டுக்கும் மூன்று குளியலறை உள்ள வீட்டுக்கும் பரப்பு ஒன்றாக இருக்கலாம், செலவு ஒன்றாக இருக்கவே முடியாது. குழாய், நீர்க்கசிவுத் தடுப்பு, டைல்ஸ், சானிட்டரி சாமான் அனைத்தும் அந்தச் சில சதுர அடிகளில்தான் குவிகின்றன.

இன்னொரு சங்கடம், எந்தப் பரப்பு என்பது. சுவருக்குள் இருக்கும் தரைப் பரப்பா, சுவரின் தடிமனையும் பால்கனியையும் சேர்த்த பரப்பா? ஒரு நிறுவனம் முதலாவதை வைத்து ரேட் சொல்லும், இன்னொன்று இரண்டாவதை வைத்துச் சொல்லும். ரேட் மட்டும் நம் காதில் விழும், குறைவாகச் சொன்னவர் மலிவானவர் என்று நினைத்துக்கொள்வோம்.

வேலைகளை ஒன்றாகக் கட்டி ஒரே விலை சொல்லும் பேக்கேஜ்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். அவற்றில் உண்மையான வசதி ஒன்று உண்டு: முடிவெடுக்க வேண்டிய விஷயங்கள் குறையும். நேரமே இல்லாதவர்களுக்கு, வாடகைக்கு விடப்போகும் வீட்டுக்கு, இது பொருத்தமான தேர்வு. ஆனால் அதற்குள் நமக்குத் தேவையில்லாத டிவி யூனிட் இருக்கும், நமக்குக் கட்டாயம் தேவையான கூடுதல் பிளக் பாயின்ட் இருக்காது. பேக்கேஜில் கையெழுத்திடுவதற்கு முன் அதில் என்ன இருக்கிறது என்பதைப் போலவே என்ன இல்லை என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.

அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் சதுர அடி

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொட்டேஷன்களை ஒப்பிடும்போது அதிகமானவர்கள் ஏமாறுவது இங்கேதான். மரவேலையில் "சதுர அடிக்கு இவ்வளவு" என்று சொல்வதற்கு இரண்டு அளவு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. முன்பக்கம் தெரியும் முகப்பை மட்டும் அளப்பது ஒன்று. பயன்படுத்திய பலகைகள் ஒவ்வொன்றையும் விரித்து வைத்து மொத்தப் பரப்பை அளப்பது மற்றொன்று.

6 அடி அகலம், 7 அடி உயரம், 2 அடி ஆழம் உள்ள துணி அலமாரியை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு தடுப்பு. ஒரு பக்கம் நான்கு தட்டு, மறுபக்கம் உடைகளைத் தொங்கவிடும் இடம். முகப்பளவு 42 சதுர அடி. இப்போது பலகைகளை விரிப்போம். இரண்டு பக்கவாட்டுப் பலகை 28, நடுத்தடுப்பு 14, மேலும் கீழும் சேர்த்து 24, தட்டுகள் 24, பின்பலகை 42, கதவுகள் 42. மொத்தம் 174 சதுர அடி. அதே அலமாரி, அதே மரம், அதே வேலை. ஆனால் அளவு நான்கு மடங்குக்கு மேல். விரித்த அளவில் ரேட் சொன்னவர் முகப்பளவில் ரேட் சொன்னவரைவிட மூன்றில் ஒரு பங்கு விலை சொன்னால்கூட, பில் வரும்போது அவர்தான் அதிகம் வாங்குவார்.

ஆகவே ரேட்டை ரேட்டோடு ஒப்பிடாதீர்கள். "இந்த அலமாரி, இந்த அளவில், இந்தப் பொருளில், முடிந்து நிற்கும்போது மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு அந்தத் தொகைகளை ஒப்பிடுங்கள்.

மேலிருந்து பிரிப்பது

செலவழிக்கக்கூடிய உச்சத் தொகையை முதலில் தீர்மானித்துவிட்டு அதற்குள் வேலையை அடக்குவது. சேமிப்பைக் காப்பாற்றும் வழி இது ஒன்றுதான். மற்ற மூன்றும் "வேலைக்கு எவ்வளவு வேண்டும்" என்று கேட்கின்றன. இது "உங்களால் எவ்வளவு முடியும்" என்று கேட்கிறது.

இதில் இரண்டு தவறுகள் சகஜம். முதலாவது, உச்சவரம்பு முழுவதையும் கான்ட்ராக்டருக்கான தொகையாக நினைத்துக்கொள்வது. அந்தத் தொகைக்குள் டிசைனர் கட்டணம், வரி, திரைச்சீலை, விளக்குகள், மெத்தை, சோபா, அடுப்பு, புகைபோக்கி, குப்பை அகற்றும் செலவு, வேலை நடக்கும்போது வெளியே தங்கினால் அந்த வாடகை எல்லாம் அடங்க வேண்டும். இரண்டாவது, எதிர்பாராத செலவுக்கு ஒதுக்காமல் விடுவது. புது வீடு என்றால் மொத்தத்தில் 10 சதவீதம், பழைய வீடு என்றால் 15 முதல் 20 சதவீதம் தனியே வைப்பது நல்லது. பழைய சுவரை உடைத்தால்தான் உள்ளே குழாய் துருப்பிடித்திருப்பது தெரியும், பழைய டைல்ஸைப் பெயர்த்தால்தான் தரை மட்டம் சாய்ந்திருப்பது தெரியும். யாராலும் முன்கூட்டிப் பார்க்க முடியாத செலவு அது.

பட்ஜெட் தொகையை டிசைனரிடம் சொல்லலாமா என்ற தயக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. சொன்னால் அது வரைக்கும் இழுத்துவிடுவார்கள் என்ற பயம். சொல்லுங்கள் என்பதுதான் என் கருத்து. சொல்லாவிட்டால் உங்கள் வசதிக்கு இரு மடங்கான டிசைனில் மனம் லயித்துவிடும். அப்புறம் அதை வெட்டி வெட்டிச் சுருக்குவதில் நேரமும் போகும், டிசைனின் ஒழுங்கும் கெடும். ஆனால் எதிர்பாராத செலவுக்கான ஒதுக்கீட்டையும், சோபா, திரைச்சீலை போன்று நீங்களே வாங்கப்போகும் சாமான்களுக்கான பணத்தையும் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் சொல்லுங்கள்.

மேலிருந்து பிரிப்பதன் உண்மையான குறை வேறு. நினைத்த வேலை அந்தப் பணத்துக்கு நடக்குமா என்பதை இது சொல்லாது. நடக்காத தொகையை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால், கடைசியில் அடி வாங்குவது கண்ணுக்குத் தெரியாத பொருள்களின் தரம்தான். பலகை மெலியும், கீல் மாறும், ஒயரின் தடிமன் குறையும். வெளியே ஒட்டிய மேல்தாளான லேமினேட் அதே பளபளப்போடு இருக்கும்.

கீழிருந்து கூட்டுவது

நான்கில் உழைப்பு அதிகம் கேட்பதும், பலன் அதிகம் தருவதும் இதுவே. அறை அறையாக வேலைகளைப் பட்டியலிட்டு, அளவெடுத்து, பொருளும் கூலியும் போட்டுக் கூட்ட வேண்டும். இதைச் செய்தவர்களுக்குத்தான் எங்கே குறைத்தால் வலிக்காமல் குறையும் என்பது புலப்படும்.

மேலே சொன்ன அலமாரியையே பார்ப்போம். பிளைவுட் பொதுவாக 8 அடிக்கு 4 அடி பலகையாக வருகிறது, 32 சதுர அடி. பின்பலகைக்கு மெல்லிய பலகை போதும் என்பதால் அதை விட்டுவிட்டால், 18 மில்லிமீட்டர் பலகை 132 சதுர அடி வேண்டும். வெறும் வகுத்தலில் நான்கு பலகைக்குச் சற்று அதிகம். ஆனால் வெட்டிப் பார்த்தால் கதை வேறு. ஒரு பலகையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் 8 அடிக்கு 2 அடி பட்டைகள் இரண்டு கிடைக்கும். பக்கவாட்டும் தடுப்பும் சேர்ந்து மூன்று பட்டை, மேல் கீழ் இரண்டு பட்டை, நான்கு தட்டுகளுக்கு இரண்டு பட்டை. ஏழு பட்டை, அதாவது மூன்றரைப் பலகை. ஒன்றரை அடி அகலக் கதவுகள் நான்குக்கு இரண்டு பலகை. ஆக ஐந்தரைப் பலகை, வாங்கும்போது ஆறு.

இப்போது அதே அலமாரியின் அகலத்தை 8 அடியாக்குங்கள். கதவுகள் இரண்டு அடி அகலத்துக்கு மாறும், ஒரு பலகைக்கு இரண்டு கதவு என்று அதே இரண்டு பலகையில் முடியும். மேல் கீழ் பலகைகள் முழுப் பட்டையில் பொருந்தும். தட்டுகள் 4 அடியாகும், அப்போதும் ஒரு பட்டைக்கு இரண்டு. மொத்தம் மறுபடியும் ஐந்தரைப் பலகை! மெல்லிய பின்பலகையும் இரண்டு அளவிலும் இரண்டேதான். இரண்டு அடி கூடுதல் இடம் கிட்டத்தட்ட அதே பலகையில் கிடைக்கிறது. 4 அடி நீளத் தட்டு நடுவில் தொய்யும் என்பதால் அதற்கு ஒரு தாங்கல் கொடுக்க வேண்டும், பலகையின் விளிம்பில் ஒட்டும் பட்டையும் கூலியும் கொஞ்சம் கூடும், ரம்பத்தின் வாய் தின்னும் சில மில்லிமீட்டரும் உண்டு. ஆனாலும் பலகையின் அளவுக்கு டிசைனை வளைத்தால் எவ்வளவு மிச்சம் என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது. வரைபடம் உறுதியாகும் முன் "இதற்கு எத்தனை பலகை? வெட்டும் வரைபடம் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நல்ல தச்சர் இந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார், மகிழ்ச்சியோடு விளக்குவார்.

நிலையான அளவுகள் பணத்தை மிச்சப்படுத்தும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தின் புதிய குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறை, சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர் மட்டுமே. ஒரே அளவில் தொழிற்சாலையில் செய்ததால் ஏறக்குறைய 10,000 வீடுகளில் அதைப் பொருத்த முடிந்தது. இன்றைய மாடுலர் கிச்சனின் மூத்த வடிவம் அதுதான். இன்றைக்கும் மாடுலர் பெட்டிகள் 300, 450, 600, 900 மில்லிமீட்டர் போன்ற நிலையான அகலங்களில் வருகின்றன. அந்த அளவுகளுக்குள் சமையலறையை அடக்கிவிட்டு, மிஞ்சும் சில அங்குலத்தை ஒரு நிரப்புப் பட்டையால் மூடுவது, ஒவ்வொரு பெட்டியையும் தனி அளவில் செய்வதைவிட மலிவு.

அடுத்தது சில்லறைச் சாமான். தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை, எண்ணிக்கையில்தான் வீங்கும். 7 அடி உயரக் கதவுக்கு நான்கு கீலாவது வேண்டும். நான்கு கதவு என்றால் ஒரே அலமாரிக்கு 16. தானாக மெல்ல மூடும் கீலுக்கும் சாதாரணக் கீலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை 16-ஆல் பெருக்கிப் பாருங்கள், பிறகு வீட்டில் உள்ள அலமாரிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அதற்காக மட்டமான கீல் வாங்கச் சொல்லவில்லை. தினமும் பல முறை திறக்கும் சமையலறைக் கதவுக்கு நல்லதைப் போடுங்கள். பரணில் வருடத்துக்கு இரண்டு முறை திறக்கும் கதவுக்கு அது தேவையில்லை.

டிராயரும் அப்படித்தான். ஒரு தட்டு என்பது ஒரே பலகை. ஒரு டிராயர் என்பது நான்கு பக்கம், அடிப்பலகை, முகப்பு, டிராயர் வழுக்கி வரும் ஒரு ஜோடி சேனல், கைப்பிடி, இவற்றுக்கெல்லாம் கூலி. சமையலறையின் கீழ்ப்பகுதியில் டிராயர் பெரிய வசதி, குனிந்து தேட வேண்டாம். படுக்கையறையில் ஒவ்வொரு அலமாரிக்கும் நான்கு டிராயர் என்று வரைபடத்தில் இருந்தால், அதைக் குறைப்பதுதான் வலிக்காத சிக்கனம்.

பெயின்ட் கணக்கை நாமே போடலாம். 10 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுவர் 440 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 60 கழித்தால் 380. இரண்டு கோட்டுக்கு 760. மழமழப்பான சுவரில் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு 100 முதல் 130 சதுர அடி வரை வரும், ஆக ஆறு முதல் எட்டு லிட்டர் போதும். டைல்ஸுக்கு நேராகப் பதித்தால் 10 சதவீதம், குறுக்காகப் பதித்தால் 15 சதவீதம் சேதாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீழிருந்து கூட்டும் கணக்கில் எப்போதும் விட்டுப்போகும் செலவுகள் சில: பொருளை மாடிக்கு ஏற்றும் கூலி, தரையைக் காக்க விரிக்கும் அட்டை, பழையதை உடைக்கும் கூலி, ஏசிக்கான குழாய் வழி, வேலை முடிந்தபின் முழு வீட்டையும் துடைப்பது. கொட்டேஷனில் "விளக்குகள், டைல்ஸ்: தோராய ஒதுக்கீடு" என்று ஒரு வரி இருந்தால் அங்கே நிறுத்திப் படியுங்கள். அந்த ஒதுக்கீட்டைத் தாழ்வாகப் போட்டு மொத்தத்தைக் குறைத்துக் காட்டுவது எளிது. கடைக்குப் போய் உங்களுக்குப் பிடித்த டைல்ஸின் உண்மையான விலையைப் பார்த்து அந்த வரியில் எழுதிக்கொண்டால்தான் கணக்கு நிற்கும்.

கட்டம் கட்டமாகச் செய்வது

கடன் வாங்க விரும்பாதவர்களுக்கு இது நல்ல வழி. இன்னொரு நன்மையும் உண்டு: வீட்டில் சில மாதம் குடியிருந்தபின் எடுக்கும் முடிவுகள் துல்லியமாக இருக்கும். வெயில் எந்த ஜன்னல் வழியாக வருகிறது, செருப்பு எங்கே குவிகிறது, பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பதெல்லாம் வாழ்ந்தால்தான் தெரியும்.

செலவு என்று பார்த்தால், மொத்தத்தில் இது கொஞ்சம் கூடவே ஆகும். ஆட்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக வர வேண்டும், தூசி மறுபடியும் எழும், பொருள் சில்லறை அளவில் வாங்க நேரும். லேமினேட்டும் டைல்ஸும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி நிறம் லேசாக மாறக்கூடியவை. அந்த டிசைனே நின்றுபோகவும் வாய்ப்புண்டு. அதனால் முதல் கட்டத்திலேயே ஒரு பெட்டி டைல்ஸும் ஓரிரு லேமினேட் தாளும் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது அவசியம்.

எதைக் கட்டமாகப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கவே கூடாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. படுக்கையறையை இந்த வருடம், ஹாலை அடுத்த வருடம் என்று பிரித்தால் ஒயரிங்கும் பெயின்டும் இரண்டு முறை நடக்கும். சுவருக்குள் போகும் வேலையை எல்லா அறைகளுக்கும் ஒரே தடவையில் முடித்துவிட்டு, மரவேலையையும் சாமான்களையும் தள்ளிப்போட்டால் நஷ்டம் மிகக் குறைவு. அடுத்த வருடம் வரப்போகும் ஏசிக்கும், படிப்பு மேசைக்கும், கட்டில் பக்க விளக்குக்கும் இப்போதே குழாய் விட்டு ஒயர் இழுத்து, மூடி போட்டு வைத்துவிடுங்கள்.

எதை முதலில், எதைக் கடைசியில்

இதுவரை சொன்ன எல்லாமே வந்து சேரும் இடம் இதுதான். வீட்டு வேலைகளை மூன்று அடுக்காகப் பார்க்கலாம்.

முதல் அடுக்கு, சுவருக்கும் தரைக்கும் உள்ளே மறைவது: ஒயரிங், குழாய், கழிவுநீர்ச் சாய்வு, குளியலறை நீர்க்கசிவுத் தடுப்பு. இதில் பிழை வந்தால் சரிசெய்யும் செலவு, முதலில் செய்த செலவைப் போலப் பல மடங்கு. ஏனென்றால் அதை எட்டுவதற்கே மேலே உள்ள டைல்ஸையும் பூச்சையும் உடைக்க வேண்டும். இங்கே பேரமே வேண்டாம்.

இரண்டாவது அடுக்கு, கழற்ற முடியும் ஆனால் சிரமம்: தரை, சமையலறைப் பெட்டிகள், அலமாரிகள், ஃபால்ஸ் சீலிங். இங்கே உடம்பும் முகமும் வேறு வேறு என்று நினைவில் வையுங்கள். அலமாரியின் உடல், கீல், சேனல் நன்றாக இருந்தால், பத்து வருடம் கழித்துக் கதவை மட்டும் மாற்றிப் புதிதாக்கிவிடலாம். உடல் மட்டமாக இருந்தால் முகப்புக்குச் செய்த செலவும் அதோடு போகும். சிங்க் இருக்கும் இடத்துக்கு நீர் தாங்கும் பிளைவுட் கட்டாயம். மர நாரை அழுத்திச் செய்த சாதாரண எம்டிஎஃப்பும், மரத்துகளை அழுத்திச் செய்த பார்டிகிள் போர்டும் தண்ணீர் பட்டால் ஊதும், மறுபடி பழைய வடிவத்துக்கு வராது. ஆனால் ஈரமே படாத படுக்கையறைக் கதவு முகப்புக்கு எம்டிஎஃப் போடுவதில் தவறே இல்லை. பெயின்ட் ஃபினிஷுக்கு அதன் மழமழப்பு பிளைவுட்டைவிட நன்றாகவே இருக்கும். எந்தப் பலகையானாலும் அதன் பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு என்ற தீங்கான வாயுவின் அளவைக் கேளுங்கள். ஈ1 அல்லது அதைவிடக் குறைந்த உமிழ்வு வகை என்று முத்திரை இருந்தால் நல்லது. மூடிய அறையில் தூங்கும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் சிக்கனப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

மூன்றாவது அடுக்கு, ஒரே நாளில் மாற்றக்கூடியது: சோபா, திரைச்சீலை, தொங்கு விளக்கு, சுவர் நிறம், கம்பளம், படங்கள். பணம் குறைந்தால் முதலில் வெட்ட வேண்டியது இங்கேதான். பழைய சோபாவே இன்னும் இரண்டு வருடம் இருக்கட்டும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது தலைகீழ். சுவரில் கல் பதித்த அலங்காரமும் விலை உயர்ந்த தொங்கு விளக்கும் உறுதியாகிவிடும், குளியலறை நீர்க்கசிவுத் தடுப்பில் ஒரு பூச்சு குறைக்கப்படும். புகைப்படத்தில் தெரிவது முதலாவது மட்டும் என்பதால் மனம் அங்கே போகிறது. அது மனித இயல்புதான், அதனால்தான் முன்கூட்டியே அடுக்கு பிரித்து எழுதிவிடச் சொல்கிறேன்.

விளக்கைப் பற்றி ஒரு சின்ன விலக்கு. விளக்கு என்ற சாமான் மூன்றாவது அடுக்கு, ஆனால் விளக்கு எங்கே வர வேண்டும் என்ற பாயின்ட் முதல் அடுக்கு. பல்ப் வாங்கும்போது, ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவில் 2700 முதல் 3000 வரை மஞ்சள் கலந்த ஒளி படுக்கையறைக்கு, 4000 கெல்வின் அளவில் வேலை செய்யும் இடத்துக்கு என்று வைத்துக்கொண்டு, நிறங்களை உண்மையாகக் காட்டும் அளவான சிஆர்ஐ 90-க்கு மேல் இருப்பதைப் பாருங்கள். கொஞ்சம் கூடுதல் பணத்தில் முழு வீட்டின் தோற்றமும் மாறுவது இதில்தான்.

பட்ஜெட்டுக்கு ஏற்ற ஒப்பந்தம்

எப்படி பட்ஜெட் போட்டோம் என்பதற்கும் எப்படி ஒப்பந்தம் போடுகிறோம் என்பதற்கும் தொடர்பு உண்டு. மொத்தத் தொகை ஒப்பந்தத்தில், எழுதிய வேலையை எழுதிய தொகைக்கு முடிப்பது கான்ட்ராக்டர் பொறுப்பு. உச்சவரம்பு கண்டிப்பாக இருப்பவர்களுக்கு இதுவே பாதுகாப்பு. ஆனால் வரைபடமும் பொருள் விவரமும் முழுமையாக இருந்தால் மட்டும். அரைகுறை வரைபடத்தின் மேல் மொத்தத் தொகை பேசினால் விட்டுப்போனதெல்லாம் "எக்ஸ்ட்ரா" ஆகும். அளவு வாரி ஒப்பந்தத்தில் ரேட் நிலையானது, முடிந்த வேலையை அளந்து பணம். கட்டம் கட்டமாகச் செய்பவர்களுக்குப் பொருத்தம், அளவு முறையை மட்டும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது வகை, ஆன செலவோடு ஒரு சதவீதம் சேர்த்துக் கொடுப்பது. பில்கள் நம் கைக்கு வரும் என்பது இதன் நன்மை. ஆனால் செலவு கூடினால் அவர் வருமானமும் கூடும், ஆகவே உச்சவரம்பு எழுதாமல் இதில் இறங்க வேண்டாம். பழைய வீட்டில் எதை உடைத்தால் என்ன வரும் என்றே தெரியாத பகுதிக்கு மட்டும் இந்த முறை நியாயமானது.

டிசைனர் கட்டணத்துக்கும் இதே தர்க்கம்தான். மொத்தச் செலவில் சதவீதம் என்பதைவிட நிலையான கட்டணம் எனக்கு ஏற்புடையது. செலவைக் குறைக்கும் யோசனை சொன்னதற்காக அவர் வருமானம் குறையக் கூடாது. டிசைன் இலவசம் என்று சொல்லும் இடங்களில் அந்தக் கட்டணம் பொருளின் விலையில் ஏற்கனவே இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, யாருக்கு எது? பணம் தயார், நேரம் இல்லை, வரைபடம் முழுமை என்றால் கீழிருந்து கூட்டிய பட்டியலோடு மொத்தத் தொகை ஒப்பந்தம். பணம் பாதிதான் இருக்கிறது என்றால் முதல் அடுக்கை முழு வீட்டுக்கும் முடித்து, சமையலறையையும் ஒரு படுக்கையறையையும் மட்டும் இரண்டாம் அடுக்கு வரை கொண்டுபோய், மற்றதைப் பிறகு. வாடகைக்கு விடும் வீட்டுக்கு பேக்கேஜ். பழைய வீடு என்றால் உடைக்கும் வேலையை மட்டும் முதலில் தனி ஒப்பந்தமாக முடித்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தபின் மிச்சத்துக்கு பட்ஜெட் போடுங்கள். இரண்டு வாரம் தாமதமாகும், ஆனால் எதிர்பாராத செலவின் பெரும்பகுதி எதிர்பார்த்த செலவாகிவிடும்.

எந்த வழியானாலும், கொட்டேஷன் கேட்கும்போது ஒரே பட்டியலை எல்லோருக்கும் கொடுங்கள்: அளவு, பலகையின் வகையும் தடிமனும், லேமினேட்டின் தடிமன், தெரியும் விளிம்புகளுக்கு 2 மில்லிமீட்டர் பட்டை, கீலின் வகை, பெயின்ட் எத்தனை கோட், வரி உள்ளா வெளியா. ஒவ்வொருவரும் தத்தம் பட்டியலில் விலை கொடுத்தால் ஒப்பிட எதுவுமே இருக்காது. பணத்தை வேலை முன்னேற்றத்தோடு கட்டிக் கொடுங்கள், கடைசி 5 முதல் 10 சதவீதத்தைக் குறைகள் சரியாகும் வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே எழுதிவிடுங்கள். வேலை நடக்கும்போது மனம் மாறும், மாறட்டும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எவ்வளவு கூடும், எத்தனை நாள் தள்ளும் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டபின்தான் தச்சர் ரம்பத்தை எடுக்க வேண்டும் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.